தினக்கூலிக்காரருக்கும் ஆட்குறைப்புப் பணம் உண்டு
(ஆம்பூர் தோல் ஷாப், ஷூ கம்பெனித் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் தினக்கூலிக்குப் போகின்றவர்களுக்கு வேலை நின்றுபோனால் என்ன பாத்தியதை உண்டு என்பதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கின்றீர்கள். பாத்தியதை என்ற வார்த்தையைத் தலைவர் சொன்னவுடன் இக்கூட்டத்தில் சிலர் சிரித்ததைப் பார்த்தோம். சிரித்தவர்கள் முதலாளிகள் அல்ல. அவர்கள் யாரும் இங்கு வரவில்லை. சிரித்தவர்கள் தொழிலாளிகளே. "நாமோ கேஷுவல் ஆள். இன்றைக்கு வா என்றால் வர வேண்டும், நாளைக்கு வேண்டாம் என்றால் போக வேண்டும். நமக்கு ஏது பாத்தியதை?" என்பதுதான் அச்சிரிப்பின் அர்த்தம் என்று நினைக்கின்றோம். ஆகையால் முதலில் அந்தச் சிரிப்புக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். மேஸ்திரி சொல்லுவதைத் தொழிலாளியே வேதவாக்காக நம்பிக்கொண்டிருக்கும் வரையில் முதலாளிக்கு வக்கீல் வைக்கும் செலவு கூட மிச்சமல்லவா?

விஷயம் இதுதான். வேலையை விட்டு நிறுத்தும்போது கொடுக்க வேண்டிய ஆட்குறைப்பு நஷ்டஈடு, கேஷுவல் ஆளுக்குக் கிடையாது என்று சட்டத்தில் எந்த இடத்திலும் எழுதப்படவில்லை. மேஸ்திரி சொன்னது, கணக்குப்பிள்ளை சொன்னது, அதை அப்பன் பிள்ளைக்குச் சொன்னது, இப்படி வாய்வழியாக வந்த புராணமே தவிர, அதற்கு வேறு ஆதாரம் இல்லை.

எப்படி எனில், 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் முதலில் ஆட்குறைப்பைப் பற்றி ஷரத்து ஒன்றும் கிடையாது. 1953இல் துணி மில்களில் சரக்கு விற்காமல் குவிந்து, ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினபோதுதான் சர்க்கார் அந்த அக்டோபரில் ஒரு அவசரச் சட்டம் போட்டு, பிறகு அதைப் பார்லிமெண்டில் சட்டமாக்கினார்கள். அதில் இரண்டு தனித்தனிக் காரியங்கள் இருந்தன. ஒன்று, வேலையில்லை என்று சில நாள் வீட்டில் இருக்கச் சொல்லுவது. இதை லே-ஆப் என்கின்றார்கள். அந்த நாட்களுக்குப் பாதிக் கூலி. மற்றொன்று, ஆளை அடியோடு நிறுத்துவது, இதுதான் ஆட்குறைப்பு. லே-ஆப் பற்றிய 25-சி ஷரத்தில், "பதிலி ஆள், கேஷுவல் ஆள் நீங்கலாக" என்று பச்சையாகவே எழுதி வைத்தார்கள். அது அக்கிரமம்தான், ஆனால் எழுதினார்கள். மூன்று ஷரத்து தள்ளி 25-எப் வருகின்றது. அங்கே ஆட்குறைப்பைப் பற்றிச் சொல்லும்போது "கேஷுவல் ஆள் நீங்கலாக" என்ற வார்த்தை இல்லை. எழுதினவர்களுக்கு மூன்று ஷரத்துக்குள் அந்த வார்த்தை மறந்தா போயிருக்கும்? வேண்டாம் என்றுதான் விட்டார்கள். அங்கே கேட்டதெல்லாம் ஒரே ஒரு கேள்வி: ஒரு வருஷம் தொடர்ச்சியாக வேலை செய்தாயா?

தொடர்ச்சி என்றால் 365 நாளும் வேலைக்கு வந்திருக்க வேண்டும் என்பதல்ல. நிறுத்தின தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும். கூலியோடு விட்ட ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை லீவும் கூட இந்த 240க்குள் சேரும் என்று 1985இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பாங்கு தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கின்றது. ஜட்ஜு சின்னப்ப ரெட்டி அவர்கள் சொன்னது.

இதற்கு முன்னரே, 1976இல் ஸ்டேட் பாங்கு வழக்கு ஒன்று நம்முடைய மாகாணத்திலிருந்தே டில்லிக்குப் போயிற்று. விட்டுவிட்டுச் சில நாள் வேலை கொடுத்துப் பிறகு நிறுத்திய ஒருவரைப் பற்றியது. "நாங்கள் நிறுத்தவில்லை, கொடுத்த காலம் தானாக முடிந்தது" என்பது பாங்கின் சமாதானம். ஜட்ஜு கிருஷ்ணய்யர் அதை ஒப்பவில்லை. என்ன காரணத்தாலானாலும் வேலை நின்றால் அது ஆட்குறைப்பே என்றார். 1982இல் தென்னக ரயில்வேயின் கேஷுவல் கூலி ஒருவர் வழக்கில், வேலைக்கு வரவில்லை என்று சொல்லிப் பெயரை ரிஜிஸ்டரிலிருந்து அடித்துவிட்டாலும் அதுவும் ஆட்குறைப்புத்தான் என்று தீர்ப்பாயிற்று. ரயில்வே சர்க்காருக்கே இந்தச் சட்டம் என்றால், பேரணாம்பட்டு தோல் ஷாப்புக்கு மட்டும் வேறு சட்டமா?

இந்த 1947ஆம் வருஷத்துச் சட்டம் இப்போது இல்லை. 2020இல் பார்லிமெண்டில் நிறைவேற்றி வைத்திருந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21ந் தேதி அமலுக்கு வந்து பழையதின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. புதுச் சட்டத்தில் தொழிலாளிக்குப் பாதகமான விஷயங்கள் பல உண்டு. 100 பேருக்கு மேல் உள்ள ஆலையில் ஆட்குறைப்புச் செய்யச் சர்க்காரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்றிருந்ததை 300 பேர் என்று ஏற்றிவிட்டார்கள். இந்தத் தோல் பிரதேசத்து ஷாப்புகளில் 300 பேர் பேரேட்டில் உள்ளவை எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஆனால் நாம் பேசுகின்ற காரியம் அப்படியே புதுச் சட்டத்துக்கும் வந்திருக்கின்றது. லே-ஆப் கூலிக்குக் கேஷுவல் ஆள் விலக்கு. ஆட்குறைப்புப் பணத்துக்கு விலக்கு இல்லை. 240 நாள் கணக்கும் அதேதான்.

சரி, பணம் எவ்வளவு? நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி வாங்கும் ஒரு தோழர் சுண்ணாம்புத் தொட்டியில் 5 வருஷம் 8 மாதம் வேலை செய்தார் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுவோம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட துண்டு ஒரு வருஷமாகச் சேரும். ஆகவே 6 வருஷம். வருஷத்துக்கு 15 நாள் கூலி வீதம் 90 நாள், 36,000 ரூபாய். ஒரு மாதம் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடாவிட்டால் ஒரு மாதக் கூலி, 26 நாள் என்று பார்த்தால் 10,400 ரூபாய். புதுச் சட்டத்தில் வேறு தொழில் கற்றுக்கொள்ளுவதற்கென்று 15 நாள் கூலியை முதலாளி ஒரு நிதியில் கட்டி, அது 45 நாளைக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும் என்று சேர்த்திருக்கின்றார்கள், அது 6,000. எல்லாம் கூட்டினால் 52,400 ரூபாய். 5 வருஷம் ஆகிவிட்டதால் கிராஜுவிட்டி என்பது இதற்கு மேல் தனி. அந்தத் தோழர் கையில் மேஸ்திரி கொடுத்து அனுப்புவது என்ன? அந்த வாரக் கூலியும், பண்டிகை சமயமாயிருந்தால் ஒரு பெட்டி மிட்டாயும். மிட்டாயை வாங்கிக்கொண்டு "மகராசன் நல்லா இருக்கணும்" என்று வாழ்த்திவிட்டு வருகின்றோம். 52,400 ரூபாய்க்கு மிட்டாய் வாங்கினால் ஆம்பூர் பூராவுக்கும் கொடுக்கலாம்.

இந்தப் பணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் பணமும் அல்ல. நிறுத்துகின்ற போதே கொடுக்க வேண்டும். கொடாமல் நிறுத்தினால் நிறுத்தினதே செல்லாது என்று 1960லேயே பம்பாய் ஆஸ்பத்திரித் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பு இருக்கின்றது.

அப்படியானால் ஏன் கிடைப்பதில்லை? இதுதான் நாம் இன்று முக்கியமாய்ச் சொல்ல வந்தது. சட்டத்தில் இருக்கின்ற பாத்தியதை பேரேட்டில் காணாமல் போகின்றது. 240 நாள் வேலை செய்தேன் என்பதை ருசுப்பிக்க வேண்டியது யார் பொறுப்பு? தொழிலாளியின் பொறுப்பு என்று 2002இல் கர்நாடகக் காட்டிலாகா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. வெறும் வாய்வார்த்தை, சத்தியக்கடுதாசி போதாது என்றும் சொல்லிற்று. ரிஜிஸ்டர் முதலாளியின் பெட்டியில். ருசு செய்ய வேண்டியது தொழிலாளி! திருட்டுப் போன சொத்துக்குத் திருடனிடமே ரசீது வாங்கி வா என்பது போலத்தான். பிறகு 2005இல் இன்னொரு வழக்கில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். தொழிலாளி கூண்டேறி சாட்சி சொல்லி, மஸ்டர் ரோலைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம். முதலாளி கொண்டுவராவிட்டால் அவருக்குப் பாதகமாக கோர்ட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கேட்டால்தான். கேட்காதவனுக்கு அதுவும் இல்லை.

நம் ஜனங்கள் வேலை போனால் தலையெழுத்து என்கின்றார்கள். தோழர்களே! பிரமன் எழுதின எழுத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் கணக்குப்பிள்ளை எழுதுகின்ற எழுத்தைப் பார்க்கலாம், அதற்கு நகல் கேட்கலாம், அது பொய்யென்று கோர்ட்டில் சொல்லலாம். உங்கள் சோற்றைத் தீர்மானிக்கின்றது அந்த எழுத்துதான்.

அந்த எழுத்தில் நடக்கின்ற புரட்டுகள் உங்களுக்குத் தெரியாததல்ல. 200 நாள், 220 நாள் ஆனதும் பத்து நாள் நிறுத்தி வைத்துப் பிறகு புது ஆளாக எழுதுவது. ஒரே கட்டிடம், ஒரே டிரம், ஒரே மேஸ்திரி. ஆனால் ஆறு மாதம் ஒரு கண்டிராக்டர் பெயர், அடுத்த ஆறு மாதம் அவர் மைத்துனன் பெயர். சிலருக்குப் பேரேட்டில் பெயரே இல்லை. கையில் காசு, அவ்வளவுதான். அதிலும் யார் பெயர் முதலில் விடுபடுகின்றது என்று பாருங்கள். பச்சைத் தோலைக் கழுவுகின்றவன், சதை சீவுகின்றவன், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகின்றவன், தரை கூட்டுகின்ற பெண்பிள்ளை. எந்த வேலையை இழிவென்று சொல்லி ஒரு ஜாதியார் தலையில் கட்டினார்களோ, அந்த வேலைக்காரன் ஊரில் சேரிக்கு வெளியே வரக்கூடாது, ஷாப்பில் ரிஜிஸ்டருக்கு உள்ளே போகக்கூடாது. அந்தத் தோல் மட்டும் பூட்சாகி ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போகலாம். அதற்குத் தீட்டு இல்லை!

வருஷக்கணக்கில் ஒருவனைக் கேஷுவல் என்றே வைத்துக்கொண்டு நிரந்தர ஆளின் சலுகைகளைக் கொடாமல் தட்டிக்கழிப்பது முறைகேடான செய்கை என்று பழைய சட்டத்தின் அட்டவணையிலும் இருந்தது, புதுச் சட்டத்திலும் இருக்கின்றது. தமிழ்நாட்டிலோ இன்னும் ஒரு படி மேலே போய், 1981இல் ஒரு சட்டம் செய்தார்கள். 50 பேருக்குக் குறையாத ஆலையில் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் உத்தேசம். பதிலி ஆளும் அதற்குள் அடக்கம். இந்தச் சட்டத்தின் பெயரையாவது கேள்விப்பட்டவர்கள் இக்கூட்டத்தில் கைதூக்குங்கள் என்று நாம் கேட்கப்போவதில்லை. கேட்டால் நமக்குத்தான் வருத்தம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1984 முதல் ஒரு சந்து திறந்துவிட்டிருக்கின்றார்கள். "இன்ன தேதி வரைக்கும்தான் வேலை" என்று காலம் குறித்து எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், அந்தக் காலம் முடிந்து நிறுத்துவது ஆட்குறைப்பு ஆகாது. புதுச் சட்டம் இந்தச் சந்தை வண்டிப்பாதை ஆக்கிவிட்டது. அப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு வருஷம் வேலை செய்தால் கிராஜுவிட்டி உண்டு என்று மட்டும் சேர்த்திருக்கின்றார்கள். ஆகையால் இனிமேல் வாயிலில் ஒரு காகிதத்தை நீட்டிக் கைநாட்டுக் கேட்டால், படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு படித்துக் கேட்டுவிட்டு, ஒரு நகலும் வாங்கிக்கொண்டு போடுங்கள்.

நிற்க. இந்தப் பாலாற்றங்கரையின் பழைய கதை ஒன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1996 ஆகஸ்ட் 28ந் தேதி, வேலூர் நகர ஜனங்கள் நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஐந்து ஜில்லாக்களில் 900க்கு மேற்பட்ட தோல் ஷாப்புகள் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்ததற்காக ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம். நவம்பர் 30க்குள் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஏற்பாடு செய்யாதவர்கள் மூட வேண்டும். நிலம் கெட்டவர்களுக்குக் கெடுத்தவனே நஷ்டஈடு கொடுக்க வேண்டும். நல்ல தீர்ப்பு. குடிக்கிற தண்ணீரைக் கெடுத்துப் பிழைக்கின்ற தொழிலுக்கு நாம் பரிந்து பேச வரவில்லை. நஞ்சைத் தொட்டியில் நின்று முதலில் தின்றவனே தொழிலாளிதான். ஆனால் ஷாப்பை மூடினால் அந்தத் தொழிலாளிக்கு இவ்வளவு என்று அந்தத் தீர்ப்பின் கட்டளைகளில் ஒரு தொகை எழுதப்படவில்லை.

அதே வருஷம் ஜூலையில் டில்லியில் 168 ஆலைகளை ஊருக்கு வெளியே போகச் சொன்ன அதே கோர்ட்டு, இடம் மாறாமல் மூடிவிடுகின்ற ஆலைத் தொழிலாளிக்குச் சட்டப்படியான ஆட்குறைப்புப் பணத்தோடு ஒரு வருஷக் கூலி அதிகப்படி என்றது. டிசம்பரில் அதை ஆறு வருஷக் கூலியாக உயர்த்தியது. கல்கத்தா தோல் ஷாப்புகளை அப்புறப்படுத்தின தீர்ப்பிலும் தொழிலாளியின் பாத்தியதையைத் தனியாக எழுதினார்கள். டில்லித் தோலுக்கும் கல்கத்தாத் தோலுக்கும் இருந்த மதிப்பு வாணியம்பாடித் தோலுக்கு ஏன் இல்லை என்பது இருக்கட்டும். டில்லியில் அந்த ஆறு வருஷக் கூலி யாருக்கு? "25-பி ஷரத்துப்படி ஒரு வருஷம் தொடர்ச்சியாக வேலை செய்தவர்களுக்கு." அதாவது அங்கேயும் 240 நாள்! பேரேட்டில் பெயர் இல்லாதவனுக்கு ஆறு வருஷமும் இல்லை, ஆறு நாளும் இல்லை.

ஷாப்பை அடியோடு மூடினாலும் ஆட்குறைப்பைப் போலவே பணம் கொடுக்க வேண்டும். முதலாளியின் சக்திக்கு மீறின, தவிர்க்க முடியாத காரணமானால் மட்டும் மூன்று மாதக் கூலியோடு நிறுத்திக்கொள்ளலாம். உடனே எல்லாரும் தவிர்க்க முடியாத காரணம் என்றுதானே சொல்லுவார்கள்? அதற்காகவே சட்டத்தில் ஒரு விளக்கம் வைத்திருக்கின்றார்கள்: பணமுடை, சரக்குத் தேக்கம், லைசென்ஸ் முடிந்துபோவது ஆகிய இவை மட்டுமே தவிர்க்க முடியாத காரணம் ஆகிவிடா. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கச் சர்க்கார் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி என்று போட்டபோது, இந்தப் பக்கத்தில் எல்லார் வாயிலும் ஆர்டர் இல்லை என்ற பேச்சே. ஆர்டர் இல்லாமல் சரக்குத் தேங்கியிருக்கலாம், அது நிஜமாகவே இருக்கலாம். அதனால் ஆள் குறைக்கலாம், பணத்தைக் குறைக்கலாகாது.

ஆகவே செய்ய வேண்டிய காரியம் என்ன? ஐந்து ரூபாய்க்கோ பத்து ரூபாய்க்கோ ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, எந்த ஷாப், எந்த வேலை, எந்த மேஸ்திரி, என்ன கூலி. தினம் ஒரு வரி. பக்கத்தில் நிற்கும் தோழரிடம் வாரம் ஒருமுறை அதில் கையெழுத்து வாங்குங்கள். அவருடையதில் நீங்கள் போடுங்கள். வங்காளம், பீகாரிலிருந்து வந்திருக்கின்ற தோழர்கள் அவர்கள் பாஷையிலேயே எழுதட்டும். சட்டம் பாஷை கேட்கவில்லை. 2015 ஜனவரி 31ந் தேதி ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து தூக்கத்திலேயே மாண்ட பத்துப் பேரில் பெரும்பாலோர் அப்படி வங்காளத்திலிருந்து வந்தவர்கள்தான்.

இ.எஸ்.ஐ. சீட்டு, பி.எப். நம்பர் இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். மாதாமாதம் எத்தனை நாளைக்குக் கூலி கொடுத்தோம் என்று முதலாளியே இ.எஸ்.ஐ.க்கு எழுதிக் கொடுத்திருப்பார். அவர் கையெழுத்தே அவருக்கு எதிர்ச்சாட்சி. கூலி பாங்கில் விழுந்தால் பாஸ்புத்தகம் ஒரு சாட்சி. கேட் பாஸ், ஓ.டி. சீட்டு எதையும் அடுப்பில் போடாதீர்கள். நியமனக் கடிதமும் கூலிச் சீட்டும் கொடுக்க வேண்டும் என்று புதுச் சட்டங்களிலேயே இருக்கின்றது. ஒருவர் போய்க் கேட்டால் நாளைக்கு வராதே என்பார்கள், ஐம்பது பேராய்ப் போய்க் கேளுங்கள்.

நிறுத்தினால் அன்றைக்கே தொழிலாளர் அதிகாரிக்கு எழுதிக் கொடுங்கள். பழைய சட்டத்தில் மூன்று வருஷம் வரை பொறுத்திருந்தார்கள்; இப்போது இரண்டே வருஷம். சமரசப் பேச்சுக்கு மனுக் கொடுத்து 45 நாளில் முடியாவிட்டால் தனியாளாகவே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். காலதாமதம் எவ்வளவு கெடுதி என்பதற்கு ஒன்று சொல்லுகின்றோம். அரியானா மாகாணத்து மார்க்கெட்டிங் போர்டில் 1995 செப்டம்பர் முதல் 1996 ஜூலை வரை தினக்கூலியாக இருந்த ஒருவரை நிறுத்தினார்கள். 240 நாள் ருசுவாயிற்று, நிறுத்தினது தப்பு என்றும் ஆயிற்று. 2009இல் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு வேலை இல்லை, 50,000 ரூபாய் வாங்கிக்கொள் என்றது. பதிமூன்று வருஷம்! தினக்கூலிக்காரர்களுக்கு வேலைக்குப் பதில் தொகை என்பதே அதற்குப் பின் வழக்கமாகிவிட்டது. அதற்காகக் கோர்ட்டுக்குப் போகாதீர்கள் என்பதல்ல நம் அபிப்பிராயம். நோட்டும் சீட்டும் சரியாக இருந்தால் கோர்ட்டுக்குப் போகுமுன்பே அதிகாரி முன்னிலையில் பணத்தை எண்ணி வைக்கின்றவர்கள் அநேகம் பேர் என்பதற்காகவே சொன்னோம்.

மேடைக்கு ஒரு சீட்டு வந்திருக்கின்றது. வீட்டில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கின்ற பெண்களுக்கு இது உண்டா என்று ஒரு தாய் கேட்டிருக்கின்றார். கஷ்டமான கேள்வி. பக்கத்துக் குடியாத்தத்தில் பீடி சுற்றுகின்ற பெண்களை, வீட்டிலிருந்து சுற்றினாலும் தொழிலாளியே என்று 1966ஆம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தில் எழுதினார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று அப்பர் தைக்கின்ற பெண்ணுக்கு அப்படி ஒரு வரி யாரும் எழுதவில்லை. தோலும் நூலும் கொண்டுவந்து போடுகின்ற ஏஜெண்டு, நான் யாருக்கும் முதலாளி அல்ல என்பான். கம்பெனிக்காரர், அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது என்பார். ஆகவே இப்போதைக்கு அந்தத் தாய்மார்கள் ஏஜெண்டு எத்தனை ஜோடி கொடுத்தான், எந்தக் கம்பெனிச் சரக்கு, எத்தனை ஜோடி திரும்பி வாங்கினான், என்ன காசு கொடுத்தான் என்பதை ஒவ்வொரு தடவையும் எழுதி அவனிடமே கையெழுத்து வாங்க வேண்டும். மாட்டேன் என்றால் தேதியோடு அதையும் எழுதுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு எழுதிக் கொடுக்க வாரத்தில் ஒருநாள் சாயந்திரம் இந்த இடத்தில் இருப்பதாக நமது வாலிபத் தோழர்கள் நால்வர் ஒப்புக்கொண்டிருக்கின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மணிக்கு.